ஸ்பிரிங்ளர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு பக்கெட்டை எடுங்க!

பங்குனி வெயில் தலைகாட்டினால் போதும், போன் திரையிலும் தண்ணீர் தெறிக்க ஆரம்பித்துவிடும். பச்சைப் புல்வெளி நடுவில் ஒரு ஸ்பிரிங்ளர் சுற்றும். துளிகள் வெயிலில் மின்னும். பின்னணியில் ஒரு பாட்டு. கீழே 'இன்றே கடைசி, 70% தள்ளுபடி' என்று ஒரு சிவப்பு பட்டன். கொல்லையில் கத்தரிச்செடி வாடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், அந்த பட்டனை அழுத்தாமல் எப்படி இருப்பார்?

பார்சல் வரும். மொட்டைமாடி டேங்கிலிருந்து ஹோஸை இழுத்து மாட்டுவார். குழாயைத் திறந்தால் ஸ்பிரிங்ளர் சுற்றாது. பால்குடிக் குழந்தை ஜொள்ளு விடுவதுபோல அடியிலேயே வழியும். 'டூப்ளிகேட் பொருள், ஏமாத்திட்டாங்க' என்று ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டு, மறுபடியும் பூவாளியைத் தூக்குவார்.

பெரும்பாலும் தப்பு அந்தப் பொருளில் இல்லை. அது கேட்கிற தண்ணீர் நம் குழாயில் இல்லை, அவ்வளவுதான். செருப்பு வாங்கும்போது காலை அளந்துவிட்டு வாங்குகிறோம். ஸ்பிரிங்ளர் வாங்கும்போது மட்டும் தண்ணீரை அளப்பதே இல்லை.

இந்த வாரம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். காரணம் இருக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில், கீழே சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் செம்மண் சமவெளி. மேலே கல்வராயன் மலை. ஒரே மாவட்டம்தான். ஆனால், வீட்டுத் தோட்டத்துக்கு என்ன ஸ்பிரிங்ளர் வாங்கலாம் என்ற கேள்விக்குக் கீழே ஒரு பதில், மேலே அதற்கு நேர்மாறான பதில்!

கோமுகி அணையும் உங்க வீட்டு டேங்கும்

கச்சிராயபாளையம் பக்கத்தில், கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. 'கோமுகி அணை நிரம்பியது' என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே 46 அடி என்ற கணக்கும் வரும். சரி, 46 அடி ஆழத் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்கும்? சுமார் 1.4 பார்.

'பார்' என்பது அழுத்தத்தின் அளவு. தோராயமாக 10 மீட்டர், அதாவது 33 அடி உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் 1 பார். இங்கே கவனிக்க வேண்டியது, உயரம்தான் கணக்கு; எத்தனை லிட்டர் என்பது கணக்கே இல்லை. 500 லிட்டர் டேங்காக இருந்தாலும், 2,000 லிட்டர் டேங்காக இருந்தாலும், அணையாகவே இருந்தாலும், தண்ணீர் மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான். 'பெரிய டேங்க் வெச்சா ஃபோர்ஸா வரும்' என்று நம்பி டேங்கை மாற்றியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். டேங்கை மாற்றுவதற்குப் பதிலாக அதன் அடியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டிருந்தால்கூட கொஞ்சம் பலன் கிடைத்திருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு தளம் மட்டும் உள்ள வீடு. மாடிக்கு மேலே மூன்றடி மேடை கட்டி டேங்க் வைத்திருக்கிறீர்கள். தோட்டத்துத் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை சுமார் 15 அடி. அழுத்தம் 0.45 பார். மாடி வீடாக இருந்து 25 அடி இருந்தால் 0.75 பார். இதிலும் அரை இன்ச் பைப், நாலு எல்போ, பழைய வால்வு என்று வழியில் கொஞ்சம் காணாமல் போகும்.

வீடியோவில் சுற்றுகிற அந்த ஸ்பிரிங்ளருக்கு எவ்வளவு வேண்டும்? 'டக் டக் டக்' என்று சத்தம் போட்டுச் சுற்றும் பித்தளை ஸ்பிரிங்ளருக்கு 2 முதல் 3 பார் வேண்டும். கோமுகி அணை நிரம்பி வழிந்தாலும் அதன் அடித் தண்ணீர் இந்த ஸ்பிரிங்ளரைச் சரியாகச் சுற்றவைக்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தரைக்குள்ளிருந்து எழும்பி வரும் பாப்-அப் வகைக்கு 2 பார். சின்ன மைக்ரோ ஸ்பிரிங்ளர்கூட 1 பாருக்குக் குறைந்தால் சோர்ந்துவிடும்.

ஆக, சமவெளியில் மாடி டேங்க் தண்ணீரை மட்டும் நம்பி இருப்பவர்கள் ஸ்பிரிங்ளர் வாங்குவது வீண் செலவு. இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். 'அண்ணே, தோட்டத்துக்கு ஸ்பிரிங்ளர் இருக்கா?' என்றால் 'எத்தனை வேணும்?' என்றுதான் அடுத்த கேள்வி வரும். 'டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்கு?' என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள், அவரிடமே வாங்குங்கள்.

பக்கெட் கணக்கு

அழுத்தம் ஒரு பாதி. தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மறுபாதி. இதற்குத்தான் பக்கெட்.

தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் மாட்டப்போகிற அதே குழாயில், 15 லிட்டர் பக்கெட்டை வைத்து முழுக்கத் திறந்துவிடுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 900 லிட்டர். இரண்டு நிமிடம் பிடித்தால் 450 லிட்டர். இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை நேரடியாகப் பாய்ச்சுவதாக இருந்தால் மோட்டாரை ஓடவிட்டு அளக்க வேண்டும். சித்திரையில் ஒருமுறை அளந்து பாருங்கள். போர் தண்ணீர் கீழே போயிருந்தால் தையில் வந்த கணக்கு வராது.

மைக்ரோ ஸ்பிரிங்ளர் ஒன்று மணிக்கு 40 முதல் 60 லிட்டர் குடிக்கும். 50 என்று வைத்துக்கொண்டால், 900 லிட்டர் வரத்துக்கு 18 மாட்டலாம் என்று காகிதம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். பைப்பில் உரசிப் போகும் அழுத்தத்துக்கும், நாளைக்கு அடைக்கப்போகும் ஃபில்டருக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 12 மாட்டினால் நன்றாக ஓடும்.

ஒரு சென்ட் தோட்டம் எவ்வளவு குடிக்கும்?

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். கோடையில் நம் சமவெளிகளில் செடிகள் மூலமாகவும் மண்ணிலிருந்தும் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 40ஐ 5ஆல் பெருக்கினால் 200 லிட்டர். ஒரு நாளைக்கு!

10 லிட்டர் பூவாளியில் ஊற்றினால் 20 நடை. தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று உங்கள் வீட்டைப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ பாட்டியோதான். காலையில் 20 நடை நடந்துவிட்டுத்தான் சமையலுக்குப் போகிறார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு 220 லிட்டர். ஒரு சென்ட் தோட்டம் முழுக்க நனைக்கிற தண்ணீர், கிட்டத்தட்ட அந்தக் குடும்பமே குடித்து, குளித்து, துவைக்கிற தண்ணீர். அதனால்தான், எந்த ஸ்பிரிங்ளர் என்பதற்கு முன்னால், எந்தப் பாத்திக்கு ஸ்பிரிங்ளர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, வாழை இவற்றுக்கெல்லாம் ஸ்பிரிங்ளர் தேவையே இல்லை. நடுவில் இருக்கும் வெற்று மண்ணையும் புல்லையும் நனைப்பதால் களைதான் வளரும். இவற்றுக்கு வேர்ப்பக்கம் சொட்டுநீர் போதும். வாழைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பி விடுகிற பழைய வழக்கமே நல்லது. (அந்தத் தண்ணீரை ஸ்பிரிங்ளரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓட்டை அடைத்துக்கொள்ளும், அழுக்குத் தண்ணீர் கீரை மேலேயும் படும்.)

ஸ்பிரிங்ளர் உண்மையிலேயே உதவுவது கீரைப் பாத்திக்கும், நாற்றங்காலுக்கும், நெருக்கமாக விதைத்த கொத்தமல்லி, வெந்தயம் மாதிரியானவற்றுக்கும்தான். கீரை விதை சின்னது. பக்கெட்டால் ஊற்றினால் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். அதற்கு மழை மாதிரி மெல்லிய தூவல் வேண்டும். உங்கள் ஒரு சென்ட்டில் கால் பங்குதான் கீரை என்றால், அந்தக் கால் பங்குக்கு மட்டும் வாங்குங்கள்.

கடையில் என்னென்ன இருக்கிறது?

டேங்க் தண்ணீர் மட்டும் உள்ளவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 16 எம்.எம். லேட்டரல் பைப்பும் டிரிப்பரும்தான் உங்களுக்குச் சரி. மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கும் சாதாரண டிரிப்பர், ஒற்றைத் தள வீட்டு டேங்க் அழுத்தத்தில் இரண்டரை லிட்டர் அளவுக்குக் கொடுக்கும். குறைவுதான். ஆனால் பிரச்னை இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயிற்று. 'பிரஷர் காம்பென்சேட்டிங்' என்று விலை கூடுதலாக ஒரு டிரிப்பர் காட்டுவார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அது திறந்து வேலை செய்யவே ஓரளவு அழுத்தம் வேண்டும். டேங்க்காரர்களுக்கு அது வேண்டாம். சிவப்புத் தலையைத் திருகினால் எட்டுத் திசையிலும் பீய்ச்சுகிற டிரிப்பர் ஒன்று உண்டு. மலிவு. தொட்டிச் செடிக்கும், சின்ன வட்டப் பாத்திக்கும் டேங்க் அழுத்தத்திலேயே ஓடும். கீரைப் பாத்திக்கு இருக்கவே இருக்கிறது பூவாளி.

'இல்லை, எனக்கு ஸ்பிரிங்ளர்தான் வேணும்' என்றால் டேங்கிலிருந்து வரும் பைப்பில், தரைமட்டத்தில் ஓர் அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 முதல் 20 யூனிட் வரும். முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் உங்கள் வீட்டுக் கணக்கு அடங்குகிறதா என்று மின் அட்டையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பஞ்சாயத்துக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வேலை மட்டும் கூடாது. சட்டப்படியும் தப்பு. உங்கள் கொத்தமல்லிக்காகத் தெருக்கோடி வீட்டில் குடத்தில் தண்ணீர் விழாது.

பம்ப் இருந்தால் என் ஓட்டு மைக்ரோ ஸ்பிரிங்ளருக்குத்தான். சின்னக் குச்சியில் நின்றுகொண்டு, மேலே ஒரு சக்கரம் சுற்றும். இரண்டு, மூன்று மீட்டர் தூரத்துக்குத் தூவும். துளி மென்மையாக இருப்பதால் நாற்று சாயாது. ஒன்று கெட்டால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு சொருகலாம். ஒரு சென்ட்டுக்கு எட்டடிக்கு ஒன்றாக வைத்தால் ஒன்பது போதும். ஒன்பதும் சேர்ந்து மணிக்கு 450 லிட்டர். 200 லிட்டர் பாய்ச்ச அரை மணி நேரம்கூட ஆகாது. 20 நடை, அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது!

இரண்டு இறக்கையோடு சுற்றும் 'பட்டர்பிளை' வகைதான் வீடியோக்களின் கதாநாயகன். அது அதிகம் குடிக்கும், துளியும் பெரிது. புல்தரைக்கு ஓகே. கீரைப் பாத்திக்கு நான் சொல்ல மாட்டேன். ரெயின் ஹோஸ் என்பது துளை போட்ட தட்டையான குழாய். வயலில் மோட்டாரோடு நேரடியாக மாட்டினால் அருமையாகப் பீய்ச்சும். வீட்டு டேங்கில் மாட்டினால் நாலு விரற்கடைதான் எழும்பும். கரும்புத் தோட்டத்திலும் மக்காச்சோளக் காட்டிலும் ரெயின் கன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்களும் உண்டு. வீட்டுக் கொல்லையில் அதை வைத்தால் முதலில் நனைவது பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணி.

பித்தளை 'டக் டக்' ஸ்பிரிங்ளருக்குச் சுவையான பூர்வீகம் உண்டு. 1933ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிளெண்டோரா என்ற ஊரில் ஓர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்பவர் உருவாக்கியது. அந்த வட்டாரம் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. தண்ணீர்த் தாரை ஒரு ஸ்பிரிங் கையைத் தள்ள, அது திரும்பிவந்து அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் தலை கொஞ்சம் நகரும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. 90 வருடம் கழித்தும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஆனால் பழத்தோட்டத்துக்காகப் பிறந்தது அது. அரைக் கிரவுண்டு கொல்லைக்கு அல்ல.

மலையில் கதையே வேறு

சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் சராசரியாக 4,000 அடி உயரம். மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் விளைகிற மேடு பள்ளமான பூமி. இங்கே வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் வீடு இருந்து, வீட்டுக்கு மேலே சரிவில் ஊற்றோ ஓடையோ கிணறோ இருந்தால், உங்களுக்குப் பம்ப் வேண்டாம். மலையே பம்ப்!

வீட்டுத் தோட்டத்தைவிட 65 அடி மேலே ஒரு தொட்டி வைத்து, அங்கிருந்து பைப் இறக்கினால் கீழே 2 பார் கிடைக்கும். கள்ளக்குறிச்சி டவுனில் பணம் கொடுத்து, மின்சாரம் கொடுத்து வாங்குகிற அழுத்தம், இங்கே சரிவில் சும்மா இறங்கி வருகிறது. 65 அடி என்பது மலைச்சரிவில் பெரிய தூரமே இல்லை. டவுனில் ஓடாத அதே மைக்ரோ ஸ்பிரிங்ளர் இங்கே ஜோராகச் சுற்றும்.

ஆனால் மலையில் சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. அழுத்தம் அதிகமாகிவிடும். 200 அடி மேலிருந்து நேராக இறக்கினால் 6 பார். மலிவான ஹோஸ் ராத்திரியோடு ராத்திரியாக வெடிக்கும். ஸ்பிரிங்ளர் தூவாது, புகை மாதிரி பறக்கவிடும். அந்தப் புகை செடிக்கு வராது, காற்றோடு போய்விடும். இதற்கு வழி, நடுவழியில் ஒரு டிரம் வைப்பது. மேலிருந்து வரும் தண்ணீர் டிரம்மில் விழட்டும். டிரம்மிலிருந்து கணக்கு மறுபடியும் பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும். டிரம்முக்கும் தோட்டத்துக்கும் 50, 65 அடி வித்தியாசம் இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தால் போதும். டிரம்மில் ஒரு பால் வால்வு மிதவையும் போட்டுவிடுங்கள், வழிந்து வீணாகாது.

சரிவில் லேட்டரல் பைப்பை மேலிருந்து கீழாக இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் கீழ்க்கோடி ஸ்பிரிங்ளருக்கு அழுத்தம் கூடி, மேல் ஸ்பிரிங்ளர் பட்டினி கிடக்கும். வால்வை மூடிய பிறகும் பைப்பில் இருக்கும் தண்ணீர் எல்லாம் கீழ்க்கோடியில் வழிந்து, அந்தச் செடி மட்டும் அழுகும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாக வரிசை வரிசையாகப் போடுங்கள். மேலே சமவெளிக்காரர்களுக்கு வேண்டாம் என்றேனே, அந்தப் 'பிரஷர் காம்பென்சேட்டிங்' டிரிப்பர், அது மலைக்காரர்களுக்காகவே செய்தது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு சொட்டும். வால்வை மட்டும் படாரென்று மூடாதீர்கள். ஓடி வருகிற தண்ணீர் திடீரென்று நின்றால் பைப்பை உதைக்கும். ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. ஓடை ஒன்றுதான், வீடுகள் பல. ஊர் குடிக்கிற தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு மேலே தோட்டத்துக்குப் பைப் போட்டால் கோடையில் சண்டைதான் வரும். எடுப்பதாக இருந்தால் குடிநீர் எடுக்கிற இடத்துக்குக் கீழே எடுங்கள், ராத்திரி முழுக்க ஓடவிடாமல் வால்வு வையுங்கள். காப்புக்காட்டுக்குள்ளிருந்து பைப் இழுக்க வேண்டியிருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

உப்பும் மணலும்

கீழே போர் தண்ணீர் என்றால் உப்பு. உங்கள் வீட்டு ஷவரைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? ஸ்பிரிங்ளருக்கும் அதே கதிதான். மூக்கைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ராத்திரி ஊறவைத்தால் விட்டுவிடும். ஊசி வைத்துக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகி ஒரு பக்கமாகப் பீய்ச்சும்.

அடைப்பைவிடப் பெரிய சேதம் இலையில் நடக்கிறது. உப்புத் தண்ணீர் இலை மேல் விழுந்து, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கும். இலை ஓரம் பழுப்பாகக் கருகும். எலுமிச்சைச் செடியில் இது சீக்கிரம் தெரியும். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. உங்கள் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்றால், இலை மேல் தூவுவதைவிட வேர்ப்பக்கம் சொட்டுநீர் விடுவதே நல்லது.

மேலே ஊற்றுத் தண்ணீரில் உப்பு பயம் குறைவு. அதற்குப் பதில் மணல், இலைச்சருகு, பாசி. தொட்டிக்குள் பைப் வாயில் ஒரு கொசுவலைத் துணியைக் கட்டி, பைப்பை அடிமட்டத்திலிருந்து ஒரு ஜாண் மேலே வைத்தால் பாதி மணல் அங்கேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு, மலையோ சமவெளியோ, ஒரு 120 மெஷ் ஃபில்டர் கட்டாயம். ஸ்பிரிங்ளர் செலவில் கை வைத்தாலும் ஃபில்டர் செலவில் கை வைக்காதீர்கள். பைப் கறுப்பாக இருக்கட்டும். வெளிச்சம் புகுகிற ஹோஸில் பாசி பிடித்து, அந்தப் பாசி உரிந்து வந்து ஸ்பிரிங்ளர் வாயில் உட்கார்ந்துகொள்ளும். லேட்டரல் பைப்பில் ஐ.எஸ். 12786 என்ற ஐ.எஸ்.ஐ. எண் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டம்ளர் வைத்துப் பாருங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று. சரியாகத் தூவுகிறதா என்று எப்படித் தெரியும்? வீட்டில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துத் தோட்டத்தில் பரவலாக வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டம்ளராக இருக்க வேண்டும். காற்றில்லாத காலையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிள்ளைகளின் ஸ்கேலை விட்டு அளந்து பாருங்கள். எல்லா டம்ளரிலும் 5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அன்றைய பங்கு முடிந்தது. ஒன்றில் 10, ஒன்றில் 1 என்றால் இடைவெளி தப்பு. ஒரு ஸ்பிரிங்ளரின் தூவல் அடுத்த ஸ்பிரிங்ளரின் காலடிவரை போக வேண்டும். வட்டமும் வட்டமும் ஓரத்தில் தொட்டுக்கொண்டால் போதும் என்று வைத்தால், நடுவில் இருக்கிற செடிக்கு ஒன்றும் கிடைக்காது. பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுங்கள். நனைவதற்கு ஒரு சாக்கு, மழை அளக்கிற பாடமும் ஆயிற்று.

நேரம் காலை ஆறு, ஏழு மணி. மதியம் தூவினால் பாதி ஆகாயத்துக்கு. சாயங்காலம் தூவினால் ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்து, தக்காளியில் கருகல், ரோஜாவில் கரும்புள்ளி என்று பூஞ்சணம் வரிசையாக வரும். ஆடி மாதம் அம்மியே பறக்கிற காற்றில் ஸ்பிரிங்ளரைத் திறந்தால் தண்ணீர் அடுத்த தெருவுக்குத்தான். அந்த மாதம் குச்சியைக் குட்டையாக்கி, விடிவதற்கு முன்னால் ஓட்டுங்கள். அல்லது சொட்டுநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்ணை மூடுவதும் தண்ணீர் பாய்ச்சுவதில் ஒரு பாகம்தான். கரும்பு விளைகிற மாவட்டத்தில் சோகைக்கா பஞ்சம்? வயலில் கொளுத்துவதற்கு முன்னால் இரண்டு கட்டு கேட்டு வாங்கி வந்து, செடியைச் சுற்றி நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பாய்ச்சினாலே மண் ஈரமாக இருக்கும். எந்த ஸ்பிரிங்ளரும் இவ்வளவு மலிவாக இவ்வளவு தண்ணீரை மிச்சம் பிடித்துக் கொடுக்காது.

ஆட்டோமேட்டிக் டைமர் ஆசை இருந்தால் ஒரு விஷயம். பேட்டரியில் ஓடும் சில டைமர்களுக்குள் இருக்கும் சோலனாய்டு வால்வு திறக்கவே அழுத்தம் வேண்டும். டேங்க் தண்ணீரில் அது திறக்காது, திறந்தால் சரியாக மூடாது. உள்ளே பால் வால்வு சுழலுகிற, 'ஜீரோ பிரஷர்' என்று போட்ட டைமராகக் கேட்டு வாங்குங்கள்.

மானியம் கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மற்ற விவசாயிகளுக்கு 75% மானியம் உண்டு. ஆனால் அது பட்டா நிலத்தில் பயிர் செய்கிறவர்களுக்கு. டவுனில் வீட்டுக் கொல்லையில் கீரை போடுகிறவர்களுக்குப் பொருந்தாது. வீட்டை ஒட்டியே உங்கள் நிலம் இருந்தால், சிட்டா அடங்கலோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். நிலத்துக்குப் போடுகிற லைனிலிருந்து கொல்லைக்கு ஒரு டீ போட்டுக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் பைப்பின் கடைசி மூடியைக் கழற்றி, தண்ணீரை வேகமாக விட்டு வண்டலை வெளியேற்றுங்கள். ஸ்பிரிங்ளர் தலைகளைக் கழற்றி, வினிகரில் ஊறவைத்துக் காயவைத்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். திறந்துகிடக்கும் பைப் வாய்களில் மறக்காமல் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பும் சின்னச் சிலந்தியும் குடியேறிவிடும். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வெளியே எடுத்தால் போதும்.